தொடாமல்

மூஸ் ஜாவில் இரவு இரண்டு மணிக்கு
நான் பின்பக்கமாக நடப்பேன்.
முதுகில் வெந்நீர்க் கலம், கையில் பூவாளி முனை.
இடவலமாக வீசி வீசி
ஐஸின் மேல் புள்ளி வைப்பேன்.
கோலம் இல்லை, வெறும் புள்ளி.
விழுந்ததும் உறைந்துவிடும்.
அவற்றின் தலைமேல்தான்
இருபது கிலோ கருங்கல் வழுக்கிப் போகும்.

தெங் லான்ஷினை நான் முதலில் அறிந்தது சத்தத்தால்.
ஹார்பினிலிருந்து பயிற்சிக்கு வந்த ஐந்து பெண்கள்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
கல் கிளம்பியதும் எதிர்க்கோடியிலிருந்து தலைவி கத்துகிறாள்:
சாவ்! சாவ்! சாவ்!
என் கையிலிருந்த சுரண்டி நழுவியது.
யாரை இப்படிச் சபிக்கிறாள்?
காபிக் கடை மேபிள் லியூ மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
‘பெருக்கு’ என்று அர்த்தமாம்.
அப்புறமும் எனக்கு அது சாவாகத்தான் கேட்டது.
கேட்கக் கேட்க
அந்தச் சின்ன உருவம் குனிந்து
உயிரைக் கொடுத்துப் பெருக்கிற்று.

அவள் முதலாட்டக்காரி.
ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு கல் அவளுடையது.
ஜனங்கள் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்போது போகிற கற்கள்.
கடைசிக் கல் தலைவிக்கு.
புகைப்படம் கடைசிக் கல்லுக்கு.
மற்ற ஆறு கல்லுக்கும் இவள் துடைப்பம்.

எறிந்த கல்லும் விட்ட சொல்லும் திரும்பாது என்போம்.
சரிதான், திரும்பாது.
ஆனால் போகிற கல்லின் முன்னால் ஓடி
அதன் மனசை மாற்றலாம்
தொடாமல்.

பிறகு சில வருடம் அவள் எனக்கு எண்களாக வந்தாள்.
சப்போரோவில் ஏழாம் இடம்.
எங்கோ ஸ்வீடனில் ஒரு வெள்ளி.
முழங்கால் கிழிந்து ஒரு குளிர்காலம் எந்தத் தாளிலும் இல்லை.
திரும்பியபோது தலைவி மாறியிருந்தாள்,
மறுபடி மாறினாள்.
முதல் கல் மட்டும் மாறவில்லை.
எறிந்த கல்லுக்கு விழுக்காடு போடுவார்கள்: தொண்ணூற்றொன்று.
ஓடிய தூரத்துக்குக் கட்டம் கிடையாது.
ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டேன்.
குனிந்தபடியே கால்கரி போய்
பாதி வழி திரும்பியிருப்பாள்.

அப்புறம் உலகப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது.
அவளுக்கு முப்பத்து மூன்று.
மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், பத்தாம் சுற்று, கடைசிக் கல்.
நல்ல கல். இரண்டு புள்ளி கொண்டுவருகிற கல்.
சாவ்! சாவ்!
நடு ஐஸில் லான்ஷின் சட்டென்று நிமிர்ந்தாள்.
கையைத் தூக்கினாள்.
காலை நீட்டிக் கல்லை நிறுத்தினாள்,
தெருவில் உருண்டுவந்த யாருடைய பந்தையோ நிறுத்துவதுபோல.

துடைப்பம் பட்டுவிட்டதாம்.
நடுவர் பார்க்கவில்லை.
எதிரணி பார்க்கவில்லை.
பெரிய திரையில் நான்கு கோணத்தில் ஓட்டினார்கள்,
கேமராவும் பார்க்கவில்லை.
தலைவி ஏதோ கேட்டாள்.
இவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.
மேபிள் ஐந்தாம் வரிசையில்தான் இருந்தாள்.
என்ன சொல் அது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ஆட்கள் போய், விளக்குகள் பாதி அணைந்தபின்
கோட்டு மாட்டிக்கொண்டு தடுப்போரம் வந்து நின்றாள்.
கிட்டத்தில் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.
“குட் ஐஸ்” என்றாள்.
“தாங்க்யூ” என்றேன்.
போய்விட்டாள். அத்துடன் ஆட்டத்தையும் விட்டாள் என்று
வசந்தத்தில் எங்கோ இரண்டு வரி.

அன்று சாயங்காலம் எனக்கு அவசரம்.
முனையை மாற்றாமலே புள்ளி வைத்தேன்.
நாலாம் தடம் ஒரு நூல் வேகம்.
கல் அவள் நினைத்ததைவிட
ஒரு நூல் முன்னால் வந்திருக்கும்.

யாரும் பார்க்கவில்லை.
நான் கையைத் தூக்கவில்லை.